விலையின்றிக் கிடைக்கும் பூமி

தன் ஊர் ஏரி முப்பது ஆண்டுகளில் எவ்வளவு சுருங்கிற்று என்று அறிய விழையும் சாமானியனும், 1972 முதல் லேண்ட்சாட் என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் எடுத்துச் சேமித்த சித்திரங்களை, இன்று காலணாச் செலவின்றித் தன் கணினியில் இறக்கிக்கொள்ளலாம். ஒரு காட்சிக்கு 600 டாலர் வரை வாங்கிய காலம் 2008-இல் முடிந்தது. இலவசம் என்றாலே சந்தேகிப்பது நம் சுபாவமாயினும், இங்கே அதற்கு ஹேதுவில்லை.

அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடுவதால், அவ்வொளியில் எடுத்த படத்தில் ஏரி கறுத்தும், சுற்றியுள்ள வயல் பிரகாசித்தும் தோன்றும். ஆனால் இப்படங்களில் பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு கட்டமும் 30 மீட்டர் சதுரமாதலால், ஏரியின் விஸ்தீரணம் புலப்படுமேயன்றி அதன் படித்துறை புலப்படாது.

மேடுபள்ளம் அறிய வேண்டுமாயின், 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாட்களில் ராடாரால் அளந்த உயரங்கள் உண்டு. தெருக்களுக்கோ, 2004-இல் பிரிட்டனில் தோன்றி, தன்னார்வலர் தொண்டால் வளர்ந்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் உண்டு.