அந்தமானில் ஒரு பகல்

அந்தமான் என்ற பெயரைக் கேட்டால் நம் ஊர் முதியவர்கள் இன்றும் ஒரு கணம் பேச்சை நிறுத்துவர். தீவாந்தர தண்டனை என்பதைக் கதையாகக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஆகவே, நெசவாளர் சங்கத்திலிருந்து எழுவரும் பக்கத்து விவசாயிகள் சங்கத்திலிருந்து ஐவருமாகப் பன்னிரண்டு அங்கத்தினர்கள் அத்தீவுகளைக் காணப் புறப்பட்டபோது, "சிறைச்சாலையைப் பார்க்கவா இவ்வளவு செலவு?" என்று சிலர் முகஞ்சுளித்ததில் வியப்பில்லை. சங்கப் பணத்தில் ஒரு காசும் இதற்குச் செலவாகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அவரவர் கைப்பணம், நம்முடையதும் அவ்வாறே. கேள்வி எழும் என்று அறிந்தே இதனை எழுதுகிறோம்.

எழுவருள் மூத்தவர் அறுபதைக் கடந்த ஒரு நெசவாளர். அவருக்கும் நமக்கும் இடையே இரண்டாண்டுகளாகத் தீராத கணக்கு ஒன்று இருந்தது. ஒரு கணக்கெடுப்பின்போது, அவர் வாங்கிய நூலுக்கும் கொடுத்த துணிக்கும் உள்ள எடையில், அனுமதிக்கப்பட்ட சேதாரம் போக, 1 கிலோ 300 கிராம் குறைவு கண்டோம். கூலியில் பிடித்தம் செய்யலாம் என்று குறிப்பெழுதினோம், பிடிக்கப்பட்டது. "நூல் கொடுத்த அன்று ஈரமாக இருந்தது, ஐயா" என்று அவர் சொன்னார். அப்படிச் சொல்லாத நெசவாளர் யார் என்று நாம் அன்று எண்ணிக்கொண்டோம். பிரயாணத்தில் அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கப்பலில் மூன்று நாளும் நமக்கு முன்னதாகவே எழுந்து, நமக்கும் சேர்த்துத் தேநீர் வாங்கி வைப்பார்.

சென்னையிலிருந்து கடல்வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். போர்ட் பிளேயர் என்று நாம் பாடத்தில் படித்த தலைநகருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். ஒரு பகலில் சிறை, கடற்கரை, சிற்றூர்கள் ஆகிய மூன்றையும் காட்டுவதாகச் சொன்ன வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டோம். அவர் மதுரைப் பக்கத்துக் குடும்பத்தவர்; தீவிலேயே பிறந்தவர். தமிழும் இந்தியும் ஒரே மூச்சில் பேசினார்.

காலை முதல் வேலையாகச் சிற்றறைச் சிறைக்குச் சென்றோம். அதற்கு முன் இத்தீவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஆங்கிலேயர் 1789-இல் இங்கே முதன்முதலாகக் குடியேற்றம் அமைத்தனர். நோய் தாங்காமல் 1796-இல் கைவிட்டனர். 1857-ஆம் ஆண்டு எழுச்சிக்குப் பின், நாடு கடத்த இடம் தேடியபோது மீண்டும் இதன் நினைவு வந்தது. 1858 மார்ச் 10-ஆம் நாள் 200 கைதிகளுடன் கப்பல் வந்து சேர்ந்தது. காட்டை வெட்டியவர்கள் கைதிகள். அக்காடு ஆளற்றதாக இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அந்தமான் பழங்குடி மக்கள் தம் காட்டுக்காக 1859-இல் வில்லேந்திப் போரிட்டனர்; துப்பாக்கிக்கு முன் நிற்க இயலவில்லை. கைதிகளின் துயரத்தைப் பேசும் நாம், அவர்களைக் கொண்டே இன்னொருவர் நிலம் பறிக்கப்பட்டதையும் சேர்த்தே பேசவேண்டும்.

இப்போது நாம் காணும் சிறை பின்னால் வந்தது. 1896-இல் தொடங்கி 1906-இல் முடித்தார்கள். நடுவே ஒரு கோபுரம். அதிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல ஏழு கட்டடங்கள், ஒவ்வொன்றும் மூன்றடுக்கு. மொத்தம் 690-க்கு மேற்பட்ட அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஆள். ஒரு கட்டடத்து அறைகளின் முகப்பு, அடுத்த கட்டடத்தின் முதுகையே பார்க்கும். எதிரே ஒரு மனித முகம் தென்படாதபடி யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். கதவின் தாழ்ப்பாள், உள்ளே இருப்பவன் கையை நீட்டினாலும் எட்டாதபடி சுவரில் தள்ளிப் பதிக்கப்பட்டிருக்கிறது. எங்களுடன் வந்த இளைஞர் ஒருவர் உள்ளே நின்று முயன்று பார்த்தார். முழங்கை வரை நீட்டியும் முடியவில்லை. ஏழில் இன்று மூன்று கட்டடங்களே நிற்கின்றன. 1979-இல் இதனைத் தேசிய நினைவிடமாக்கினார்கள்.

இதே ஆட்சியினர், சிறைச்சுவர் எழும்பிக்கொண்டிருந்த 1904-ஆம் ஆண்டில்தான் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தையும் இயற்றினர். நம் உத்தியோகத்துக்கு மூலமான சட்டம் அது. இரண்டையும் ஒருசேர நினைத்துப் பார்க்க அன்று வரை நமக்குச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

தூக்குமேடையையும், மாண்டோர் பெயர் பொறித்த பலகைகளையும் கண்டோம். 1933-இல் உண்ணாவிரதம் இருந்து மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய மூவர் உயிர் நீத்தனர். அங்கெல்லாம் எங்கள் கூட்டத்தார் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றனர். ஆயினும் அவர்களை நெடுநேரம் நிறுத்தி வைத்தது வேறோர் இடம். அது செக்கு இருந்த கொட்டகை.

மாட்டுக்குப் பதில் மனிதனைச் செக்கில் பூட்டினார்கள். நாள் ஒன்றுக்கு 30 பவுண்டு, அதாவது பதின்மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலாகத் தேங்காயெண்ணெய் ஆட்டித் தரவேண்டும். கடுகெண்ணெயானால் 10 பவுண்டு. மாலையில் அளப்பார்கள், குறைந்தால் தண்டனை. மற்றவர்களுக்குத் தேங்காய் மட்டையை அடித்து நார் எடுப்பதும், கயிறு திரிப்பதும். பெண் கைதிகளின் சிறையில் தறியும் இருந்தது என்று வழிகாட்டி சொன்னதும் எங்கள் நெசவாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

மூத்தவர் மெல்லக் கேட்டார்: "கொப்பரை நல்லதாக இல்லாவிட்டால், தம்பி? காய்ந்து எண்ணெய் வற்றிய கொப்பரையாக இருந்தால்?"

"அளவு அளவுதான், ஐயா. கொப்பரையை யார் கேட்டார்கள்?"

"அளந்தவர் யார்? வெள்ளைக்காரரா?"

"மேலே வெள்ளைக்காரர். கீழே மேஸ்திரி, ஜமேதார் எல்லாரும் கைதிகளாக இருந்து பதவி பெற்றவர்கள். இவர்களுக்கு அவர்களிடந்தான் பயம் அதிகம்."

மூத்தவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. நம்மைப் பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தால் நமக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

சிறையிலிருந்து வண்டி மேற்கே வண்டூர்ச் சாலையில் திரும்பியது. இருபுறமும் பாக்கும் தென்னையும் வாழையும். விவசாய அங்கத்தினர்களின் முகம் மலர்ந்தது. சிப்பிகாட் என்னும் இடத்தை அடைந்ததும் அவர்களே வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். சாலையோரம் பரந்த நீர்ப்பரப்பு, நடுநடுவே பட்ட மரங்கள், கொக்கும் நாரையும். ஏரி என்று முதலில் எண்ணினோம். அது நெல்வயல்!

2004 டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையை நாகப்பட்டினமும் கடலூரும் மறக்கமாட்டா. ஆனால் நம் கரையில் ஏறிய கடல் அன்றே இறங்கிவிட்டது. இங்கே அப்படியன்று. நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் தரையே ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டது. தாழ்ந்த தரை மீளவில்லை. கழி வழியே ஒவ்வோர் ஏற்றத்துக்கும் உப்புநீர் வயலுக்குள் வந்துபோகத் தொடங்கியது. அலையில் சாய்ந்த பயிரை மறுபடி நடலாம். கடல் நாள்தோறும் இருமுறை வந்துபோகும் வயலில் எதை நடுவது?

எங்கள் விவசாயி ஒருவர் கரையில் இறங்கி, நீரில் விரலைத் தோய்த்து நாவில் வைத்துப் பார்த்தார். "பட்டா கையில் இருக்கும், நிலம் இருக்காது" என்றார். இன்னொருவர், கடல் வற்றும் நேரத்தில் நீரை வெளியேவிட்டு, ஏறும் நேரத்தில் தானே மூடிக்கொள்ளும் மதகு வைத்துக் கரை எழுப்பினால் ஓரளவு நிலம் மீளும் என்று வாதிட்டார். உப்பு கழுவிப்போக எத்தனை மழைக்காலம் ஆகும் என்று மூன்றாமவர் கேட்டார். பேச்சு முற்றி, அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டோம். வழிகாட்டிக்குப் பொறுமை போயிற்று. பிரயாணிகள் இங்கே பறவைகளைப் படம் பிடிக்க ஐந்து நிமிடம் நிற்பதே வழக்கமாம். "இந்த நிலத்தின் பேரில் கடன் வாங்கியிருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று ஒருவர் நம்மையே கேட்டார். தள்ளுபடி, தவணை நீட்டிப்பு என்று விதிகளை எடுத்துச் சொன்னோம். நாம் சொன்ன விதமே நமக்கு நிறைவு தரவில்லை.

அப்பால் மஞ்சேரி, வண்டூர். பெயர்கள் மலபாரிலிருந்து வந்தவை. 1921-இல் கைதிக் குடியேற்றத்தை முடித்துவிடப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. ஆனால் அவ்வாண்டே மலபாரில் மாப்பிள்ளைமார் கிளர்ச்சி எழுந்தது. மறுபடியும் கப்பல்கள் வந்தன. தண்டனை பெற்றவர்கள் பிறகு குடும்பத்தை வரவழைத்துக்கொண்டு நிலம் திருத்தினர். திருத்திய ஊர்களுக்குத் தம் ஊர்ப்பெயரையே வைத்தனர். திரூர் என்றும் ஓர் ஊர் உண்டு என்றதும், "முதல் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்ட நம் திரூரா?" என்று ஓர் அங்கத்தினர் உற்சாகமாக எழுந்தார். 1904-இல் சங்கம் கண்ட திரூர் நம் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. இவர்களுடையது மலபாரின் திரூர் என்று சொல்லி அமர்த்தினோம். சங்க வரலாற்றை இவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாரே என்று நமக்கு உள்ளூர மகிழ்ச்சிதான்.

வழியில் ஒரு தேநீர்க் கடை. கடைக்காரர் மலையாளம் பேசினார். நம்மவர்களுடன் தமிழும் பேசினார். பாட்டனார் கைதியாக வந்தவராம். அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமில்லை. 'லோக்கல் பார்ன்' என்றே அழைக்கப்படும் பழைய கைதிகளின் வழிவந்தோர் இங்கே ஒரு தனிச் சமுதாயம். அவர்கள் முன்னோருள், நன்னடத்தையுடன் ஏறக்குறைய பத்தாண்டு உழைத்து முடித்தவர்களுக்கு விடுப்புச் சீட்டு கிடைக்கும். பிறகு சொந்தமாகப் பயிரிட்டுப் பிழைக்கலாம், மணம் செய்துகொள்ளலாம். பல சாதி, பல மதம், பல மொழி. எந்தச் சாதி என்று கேட்டுப் பெண் கொடுக்க அங்கே வழியேது? "என் பாட்டனார் செய்த கயிறு சர்க்காருக்குப் போயிற்று, வைத்த தென்னை எங்களுக்கு நின்றது" என்று அவர் பின்புறத்தைக் காட்டினார். நெட்டை மரங்கள், காய்ப்பு குறைந்துவிட்டது. வெட்ட மனமில்லை என்றார்.

வண்டூர்க் கடற்கரையில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். நீரின் நிறத்தை நம்மால் எழுதிக் காட்ட இயலாது. மூத்தவரே, "பச்சைச் சாயத்தில் நீலம் ஒரு முக்கு" என்று சாயப்பட்டறைக் கணக்கில் சொல்லிவிட்டார். ஆழிப்பேரலையில் வேரோடு சாய்ந்த பெருமரங்கள் மணலில் வெளுத்துக் கிடக்கின்றன. முதலை எச்சரிக்கைப் பலகையைக் கண்டபின் ஒருவரும் கணுக்காலுக்கு மேல் நனைக்கவில்லை.

வந்த வழியே திரும்பி, தெற்கே சிடியா தாப்புக்குக் கடலோரமாகவே சென்றோம். தீவு வெகு கிழக்கே இருப்பதாலும் கடிகாரம் நம்முடையதே ஆதலாலும், மார்கழியில் ஐந்து மணி சுமாருக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. பாறைகளுக்கு அப்பால் சூரியன் இறங்கியபோது மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தனர். மூத்தவர் நம் அருகே வந்தமர்ந்தார். நாமே பேச்சைத் தொடங்கினோம்.

"அன்று நூல் எவ்வாறு நனைந்தது?"

"கிடங்கு ஒழுகிற்று, ஐயா. ஐப்பசி மழை. கட்டுகளை அப்படியே தராசில் வைத்தார்கள். வீட்டில் காய்ந்தபின் எடை எங்கே நிற்கும்? அன்றைக்கே சொன்னேன்."

"ஆமாம், சொன்னீர்கள்."

"நானும் உரக்கச் சொல்லவில்லை" என்றார் அவர்.

ஊர் திரும்பிய வாரமே சங்கத்துக்குச் சென்று அவ்வாண்டுப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கினோம். நூல் வழங்கிய தேதிக்கு நான்காம் நாள், கிடங்குக் கூரையில் ஓடு மாற்றிய கூலிக்கு ஒரு செலவுச் சீட்டு இருந்தது. அதைச் சரிபார்த்து அனுமதித்த இடத்தில் நம் கையொப்பமே பச்சை மையில் தெளிவாக இருந்தது. இரண்டு தாள்களும் ஒரே நாளில் நம் மேசைக்கு வந்தவை.

நம் குறிப்பைத் திருத்தி எழுதினோம். நிர்வாகக் குழு ஏற்றுக்கொண்டது. ஈரநாளில் வழங்கும் நூலைத் தனியே குறித்துக்கொள்வதென்றும், எடை போடும்போது நெசவாளரும் முள்ளைப் பார்த்துக் கையெழுத்திடுவதென்றும் தீர்மானித்தார்கள். பிடித்த தொகையைப் பெற வந்த மூத்தவர் இருமுறை எண்ணிப் பார்த்து, பதிவேட்டில் கையெழுத்திட்டார். அடுத்த பாவுக்கு நூல் வாங்கும் நாளும் அதுவே. கட்டுகளைத் தராசில் வைத்துவிட்டு, முள் நிற்கும் வரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.