குளியலறைக்குள் வரும் கரண்ட்

மார்கழிப் பனிக்குள் மடுல்சீமைப் பீலியில் குளித்தவருக்குச் சுடுதண்ணீரின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லயத்துக் காம்பராக்களில் இன்னும் விறகடுப்புத்தான். ஆனால் சின்ன உலக முடிவு என்னும் மலை விளிம்பைப் பார்க்க வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விடும் வீடுகளில் சுவரில் ஹீட்டர் ஏறிவிட்டது. எல்ல, பண்டாரவளைப் பக்கத்து விடுதிகளில் தண்ணீரைச் சுழற்றிப் பீய்ச்சும் தொட்டியும் வந்துவிட்டது.

அந்தத் தொட்டி ஆடம்பரத்துக்காகப் பிறந்ததல்ல. மூட்டுவாதத்தால் அவதிப்பட்ட தன் மகனுக்காக, வீட்டுக் குளியல் தொட்டியில் வைக்கக்கூடிய ஒரு பம்பை அமெரிக்காவில் கான்டிடோ ஜக்கூசி உருவாக்கினார். 1956இல் அது விற்பனைக்கு வந்தது. பம்பையும் தொட்டியையும் ஒன்றாக்கி 1968இல் வெளியிட்டவர் அதே குடும்பத்து ரோய் ஜக்கூசி. அன்றிலிருந்து மின்சார மோட்டர், நனைந்த உடம்புக்கு ஒரு சாண் தூரத்தில் ஓடுகிறது.

நனைந்த உடம்பின் மின்தடை ஏறக்குறைய 1000 ஓம். நம் வீட்டுக் கரண்டின் 230 வோல்ட்டுக்கு அதன் வழியே 230 மில்லிஅம்பியர் பாயும். பிடித்த கையை விட முடியாமல் போவதற்கு 16 மில்லிஅம்பியர் அளவே போதும் என்று, ஆண்களிடம் சோதித்துப் பார்த்தவர் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் டால்சியல்.

"ஏர்த் இருக்கு, கரண்ட் கசிஞ்சா பியூஸ் போயிரும்தானே" என்று கேட்பவர்கள் பலர். இங்கேதான் ஆபத்து. நம் நாட்டில் வீட்டுக்கு ஏர்த், பெரும்பாலும் வீட்டுக்காரர் தன் முற்றத்தில் அடிக்கும் கம்பிதான். பாறையும் சரளையும் நிறைந்த மலைச்சரிவில் அது ஈரமண்ணைத் தொடுவதே அரிது. ஊவாவின் ஆனி, ஆடிக் காய்ச்சலில் மண்ணின் தடை இன்னும் ஏறும். அந்தத் தடை 100 ஓம் என்று வையுங்கள்: 230ஐ 100ஆல் வகுத்தால் 2.3 அம்பியர். 5 அம்பியர் பியூஸ்கூட அசையவே அசையாது. ஹீட்டரின் உலோக உடல் கரண்டோடு காத்திருக்கும்.

பசறைப் பக்கம் ஒரு வீட்டில் பார்த்தேன். 15 அம்பியர் இழுக்கும் 3.5 கிலோவாட் ஹீட்டரை, விளக்குக்கு இழுத்த மெல்லிய வயரிலேயே கோத்திருந்தார்கள். பச்சையும் மஞ்சளுமான ஏர்த் வயரை வெட்டி, நுனியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அந்த வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள்.

உயிரைக் காப்பது ட்ரிப் சுவிட்ச். போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிடுகிறது. 30 மில்லிஅம்பியர் குறைந்தால், அது வேறு வழியாக, ஒருவேளை ஒரு மனிதன் வழியாக, மண்ணுக்குப் போகிறது என்று பொருள்; சுவிட்ச் 0.3 விநாடிக்குள் வெட்டிவிடும். ஹீட்டரோ தொட்டியோ, மெயின் போர்டிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் மூன்றும் வேண்டும். மோட்டர் உடல், உலோகக் குழாய், ஏர்த் எல்லாவற்றையும் ஒரே வயரால் இணைத்துவிட்டால் அவற்றைத் தொடும் இரு கைகளுக்கிடையே வோல்ட் வித்தியாசம் இராது. பிளக் பொயின்ட் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும். வேலையைத் தேர்ந்த எலெக்ட்ரீஷியனிடமே கொடுங்கள்.

ட்ரிப் சுவிட்சில் 'T' என்று எழுதிய சிறு பொத்தான் இருக்கும். இன்றே அதை அழுத்துங்கள், பிறகு மாதம் ஒருமுறை. அழுத்தியும் விழாவிட்டால், மாற்றும்வரை அடுப்பில் வைத்த தண்ணீரிலேயே குளியுங்கள்.