ரபி இல்லாத சபைகளைத் தேடி...

கியூபாவில் எஞ்சியிருக்கும் யூத சபைகளைச் சந்திக்க அமெரிக்க ஜெப ஆலயங்களின் இளைஞர் குழுக்கள் போய் வருகின்றன. மருந்துப் பெட்டியோடு போகும் அந்தப் பிள்ளைகள் அங்கே என்ன கற்றுக்கொள்கிறார்கள்?

கியூபாவுக்குப் புறப்படும் இளைஞர் குழுவின் பெட்டிகளில் துணிமணியைவிட மருந்துதான் அதிகம் இருக்கும். காய்ச்சல் மாத்திரை, வைட்டமின், புண்ணுக்குப் போடும் களிம்பு, சர்க்கரை அளவு பார்க்கும் ஸ்ட்ரிப், படிக்கும் கண்ணாடி, சானிட்டரி நாப்கின், பற்பசை என்று எல்லாம் பார்த்துப் பார்த்து அடுக்கப்படும். பயணத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே சபைக் குடும்பங்களிடமிருந்து இவற்றைச் சேகரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். காலாவதி தேதி பார்த்து ஒதுக்குவதும், எந்த மருந்து எதற்கு என்று ஸ்பானிஷில் எழுதி ஒட்டுவதும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளின் வேலை.

அமெரிக்கச் சட்டப்படி கியூபாவுக்குச் சுற்றுலா போக முடியாது. 1960களின் தொடக்கத்திலிருந்து நீடிக்கும் பொருளாதாரத் தடையே காரணம். ஆனால், அரசு அனுமதிக்கும் 12 வகைப் பயணங்களில் மதப் பணிக்கான பயணமும் ஒன்று. அந்த வழியாகத்தான் நியூயார்க்கிலிருந்தும் பாஸ்டனிலிருந்தும் கலிஃபோர்னியாவிலிருந்தும் சபைகள் தலைநகர் ஹவானாவுக்கு வருகின்றன. கியூபாவில் உள்ள ஏதாவது ஒரு சபையைத் தங்கள் கூட்டாளிச் சபையாக ஏற்று, மீண்டும் மீண்டும் அங்கேயே போகும் ஜெப ஆலயங்கள் உண்டு. அப்படிப்பட்ட பயணத்தில் கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்ற கணக்கு, போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே மாறிவிடுகிறது.

பதினைந்தாயிரம் பேர் இருந்த இடம்

கியூபாவின் முதல் யூத சபையை 1906இல் நிறுவியவர்கள் அங்கே குடியேறிய அமெரிக்க யூதர்கள். துருக்கியிலிருந்து வந்த, ஸ்பெயின் வழிவந்த செஃபார்டி யூதர்கள் 1914இல் ‘ஷெவெட் அஹிம்’ சபையைத் தொடங்கினார்கள். போலந்து, ரஷ்யா, லித்துவேனியா பகுதி யூதர்கள் 1920களில் வந்தார்கள். அவர்களில் பலர் போக நினைத்தது அமெரிக்காவுக்கு. 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் அந்தக் கதவை ஏறக்குறைய அடைத்துவிட்டதால் ஹவானாவிலேயே தங்கிவிட்டார்கள். தெருத்தெருவாகத் துணியும் டையும் விற்றார்கள். பிறகு கடை வைத்தார்கள். செருப்பும் ஆடையும் தைக்கும் பட்டறைகள் கண்டார்கள்.

ஹவானா துறைமுகத்துக்கு ஓர் ஆறாத வடுவும் உண்டு. 1939 மே மாதம், நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பிய 937 பயணிகளோடு ‘செயின்ட் லூயிஸ்’ கப்பல் ஹவானாவுக்கு வந்தது. பெரும்பாலோரின் இறங்கும் அனுமதியைக் கியூபா அரசு முன்பே ரத்துசெய்திருந்தது. 28 பேரை மட்டும் இறங்க விட்டார்கள். அமெரிக்காவும் கனடாவும் கைவிரித்துவிட, கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. திரும்பிப் போனவர்களில் 254 பேர் யூத இனப்படுகொலையில் மாண்டார்கள். ஹவானாவின் கடற்கரைச் சாலையில் நின்று இந்தக் கதையைக் கேட்கும் அமெரிக்கப் பிள்ளைகள், தங்கள் நாடும் அன்று அந்தக் கப்பலை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்தே கேட்கிறார்கள்.

1950களில் கியூபாவில் சுமார் 15,000 யூதர்கள் இருந்தார்கள். ஹவானாவின் வேடாடோ பகுதியில், முகப்பில் மாபெரும் வளைவோடு ‘பெத் ஷாலோம்’ ஜெப ஆலயத்தை எழுப்பினார்கள். ‘பத்ரோனாத்தோ’ என்றால்தான் ஹவானாவில் எல்லோருக்கும் தெரியும். நூற்றாண்டுகளுக்கு இருக்கப்போகிறோம் என்ற நம்பிக்கையில் எழுப்பிய கட்டடம் அது. சில ஆண்டுகளில், 1959இல், புரட்சி வந்தது. ஃபிடல் காஸ்ட்ரோவின் அரசு யூதர்கள் என்பதற்காக யாரையும் துன்புறுத்தவில்லை. ஆனால், கடைகளும் தொழிற்கூடங்களும் நாட்டுடைமையானபோது வணிகக் குடும்பங்களுக்குப் பிழைப்பு போயிற்று. பத்தில் ஒன்பது பேர் வெளியேறினார்கள். மயாமியில் இறங்கியவர்கள் 1961இலேயே அங்கே கியூப யூதர்களுக்கென்று ஒரு சபை அமைத்துக்கொண்டார்கள்.

மட்சா வந்துகொண்டே இருந்தது

தங்கிவிட்டவர்களுக்கு அடுத்த முப்பது ஆண்டுகள் கடினமானவை. கடவுள் நம்பிக்கை உள்ளவர் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர முடியாது. நல்ல பதவிகளும் எட்டாது. ஜெப ஆலயத்துக்கு வருவோர் குறைந்தார்கள். யூத மதகுருக்களான ரபிகள் நாட்டை விட்டுப் போனார்கள். யூதக் கூட்டு வழிபாட்டுக்குக் குறைந்தது பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்தைச் சேர்ப்பதே பெரும்பாடாகிவிட்டது. பத்ரோனாத்தோவின் கூரை ஒழுகியது; ஓட்டைகள் வழியே பறவைகள் உள்ளே வந்து பறந்தன. கட்டடத்தின் ஒரு பகுதி அரசின் கைக்குப் போய், ஜெர்மன் நாடகாசிரியர் பெர்தோல்ட் பிரெக்ட் பெயரில் நாடக அரங்கமாயிற்று.

அந்த ஆண்டுகளிலும் ஒரு கயிறு அறுபடாமல் இருந்தது. கனடா யூதர்களின் காங்கிரஸ் 1961 முதல் ஒவ்வொரு பஸ்கா பண்டிகைக்கும் மட்சா எனும் புளிக்காத அப்பத்தைக் கப்பலில் அனுப்பிவந்தது. ஆண்டு முழுவதும் ஜெப ஆலயப் படியேறாத குடும்பங்கள்கூடத் தங்கள் பங்கு மட்சாவை வாங்க வந்தன. வாங்க வந்தவர்கள் பெயர் பதிந்தார்கள். யார் யார் இன்னும் இருக்கிறார்கள் என்பது அதனாலேயே தெரிந்தது. தூரத்துச் சபையொன்று அரை ஆயுள் காலம் சலிக்காமல் செய்த உதவி, ஒரு சமூகத்தின் பெயர்ப்பட்டியலைக் காப்பாற்றிக் கொடுத்தது.

1991இல் கட்சி தன் விதியைத் தளர்த்தியது. மறு ஆண்டு அரசியலமைப்பும் திருத்தப்பட்டு, கியூபா நாத்திக நாடு என்பதிலிருந்து மதச்சார்பற்ற நாடு என்றானது. சோவியத் ஒன்றியம் சிதறி, உணவும் எரிபொருளும் இல்லாமல் மக்கள் தவித்த நேரம் அது. ‘ஜாயின்ட்’ என்று அழைக்கப்படும் அமெரிக்க யூத நிவாரண அமைப்பு உள்ளே வந்தது. ஸ்பானிஷ் பேசும் சமூகப் பணியாளர்களை அர்ஜென்டினாவிலிருந்து அனுப்பியது. தாத்தாவும் பேத்தியும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஹீப்ரு எழுத்துகளைக் கற்றார்கள். சாந்தியாகோ நகரில் மூடிக்கிடந்த ஜெப ஆலயம் 1995இல் மறுபடி திறந்தது. 1998 டிசம்பரில் ஹனுக்கா விழாவுக்கு ஃபிடல் காஸ்ட்ரோவே பத்ரோனாத்தோவுக்கு வந்தார். அவரை அழைத்தவர் அப்போது சபையின் துணைத் தலைவராக இருந்த அதெலா த்வோரின். ஹனுக்கா என்றால் என்ன என்று காஸ்ட்ரோ கேட்டதற்கு, அது யூதர்களின் புரட்சி என்று அவர் விளக்கிய கதையைச் சபையார் இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை

வரும் குழுக்கள் எல்லாம் தவறவிடாத நேரம், ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலை. பத்ரோனாத்தோவில் அன்று வழிபாட்டை நடத்துபவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். நாட்டில் நிரந்தரமாகத் தங்கியிருக்கும் ரபி கிடையாது. திருமணம், மதமாற்றம் போன்ற சடங்குகளுக்குத் தென் அமெரிக்காவிலிருந்து ரபி வந்துபோவார். மற்ற நாள்களில் எல்லாம் சபையார் பொறுப்புதான். கல்லூரி மாணவர் ஒருவர் முன்னே நின்று பாடுவார். பள்ளி மாணவி ஒருத்தி மெழுகுவத்தி ஏற்றி ஆசி சொல்வாள்.

அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இது முதல் அதிர்ச்சி. அவர்கள் ஊரில் வழிபாடு நடத்தச் சம்பளத்துக்கு ரபி இருக்கிறார், பாடகர் இருக்கிறார், சிறுவர் கல்விக்கும் இளைஞர் குழுவுக்கும் தனித்தனி நிர்வாகிகள் இருக்கிறார்கள். யூதப் பிள்ளைகள் வயதுக்கு வரும் சடங்கான பார் மிட்ஸ்வா முடிந்ததும் ஜெப ஆலயத்துக்கு முழுக்குப் போடுகிறவர்களும் அங்கே அதிகம். இங்கேயோ, தன் வயதுடைய ஒருவன் வாரந்தோறும் ஒரு சபையின் வழிபாட்டைச் சுமக்கிறான். அவன் வராவிட்டால் அந்த வாரம் பாட ஆள் இல்லை.

பேச்சு ஆங்கிலத்துக்கும் ஸ்பானிஷுக்கும் இடையே தடுமாறும். பிரார்த்தனை தொடங்கியதும் தடுமாற்றம் நின்றுவிடும். ஹீப்ரு வரிகள் இரு தரப்புக்கும் மனப்பாடம். மெட்டு மாறும் இடங்களில் விருந்தாளிகள் ஒரு கணம் தயங்கி, கியூபப் பிள்ளைகளின் குரலைப் பிடித்துக்கொண்டு தொடர்வார்கள். முடிந்ததும் எல்லோருக்கும் சாப்பாடு. வெள்ளி இரவுக் கோழிக்கறி, பத்ரோனாத்தோவில் பல ஆண்டுப் பழக்கம். கோழி அரிதான நாட்டில் அது வெறும் விருந்தல்ல. முதியவர்கள் பலருக்கு அந்த வாரத்தின் நல்ல சாப்பாடு அதுதான். மேசைகளை ஒதுக்கியதும் இஸ்ரேலிய நாட்டுப்புற நடனம். அதில் கியூபப் பிள்ளைகள் கில்லாடிகள். விருந்தாளிகளுக்குக் காலடி சொல்லிக் கொடுப்பதே அவர்கள்தான்.

கொண்டுவந்த மருந்தெல்லாம் அதே கட்டடத்தில் உள்ள மருந்தகத்துக்குப் போகிறது. மருத்துவரின் சீட்டோடு வரும் அக்கம்பக்கத்தாருக்கும் அங்கே மருந்து உண்டு. அவர் யூதரா என்று கேட்பதில்லை. உதவி பெறும் சபை, தன் பங்கிலிருந்து தெருவுக்கும் கொடுக்கிறது.

ஹவானாவுக்கு அப்பால்

தலைநகரோடு திரும்பிவிடாத குழுக்களுக்கே கியூபாவின் முழுக்கதையும் கிடைக்கிறது. சியென்ஃபுவேகோஸ் நகரில் ஜெப ஆலயக் கட்டடமே இல்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடுகின்றன. பேருந்து நிறைய வரும் விருந்தாளிகள் அந்தச் சபையின் மொத்த உறுப்பினரைவிட அதிகமாக இருப்பதும் உண்டு. சாண்டா கிளாராவின் யூதக் கல்லறையில் இனப்படுகொலை நினைவிடம் ஒன்று இருக்கிறது. போலந்தின் வார்சாவில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவின் தெருவிலிருந்து எடுத்த கல் ஒன்றை அதில் பதித்திருக்கிறார்கள். போலந்தில் வேர் கொண்ட அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளை, தன் பாட்டன் ஊர்க் கல்லைக் கரீபியத் தீவு ஒன்றில் தொட்டுப் பார்க்க முடிகிறது.

இந்தச் சிறு சபைகளில் அப்பா அம்மா இருவரும் யூதர்களாக இருப்பவர் சொற்பம். யாருக்கோ பாட்டி யூதர். யாரோ திருமணத்தால் சேர்ந்தவர். அவர்களில் பலர் பெரியவர்களான பிறகு விரும்பிப் படித்து, முறைப்படி யூதராகியிருக்கிறார்கள். பிறப்பால் கிடைத்ததால் யோசிக்காமலே வளர்ந்த அமெரிக்கப் பிள்ளையிடம், “நீ எதற்காக இதைத் தொடர்கிறாய்?” என்று அவர்கள் கேட்பதில்லை. ஆனால், அவர்களைப் பார்த்ததும் அந்தக் கேள்வி பிள்ளைக்குத் தானாக எழுகிறது.

பணமாகவே அனுப்பிவிடலாமே?

நியாயமான கேள்வி. இருபது பேரின் விமானக் கட்டணத்துக்கு எத்தனையோ மருந்து வாங்கலாம். ஆனால், பொருளாதாரத் தடையால் வங்கி வழி எளிதாக இல்லை. கியூபாவில் பணம் இருந்தாலும் கடையில் பொருள் இல்லை. ஆள் கொண்டுபோய்க் கையில் கொடுப்பதே நம்பகமான வழியாக இருக்கிறது. 2024 அக்டோபரில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றுபோனது. மருந்துத் தட்டுப்பாடு அதற்கு முன்பே கடுமை. தேவை குறையவில்லை.

இன்னொரு விமர்சனம் இதைவிடக் கூர்மையானது. வாரம் ஒரு குழு வந்து படம் எடுத்து, பரிசு கொடுத்து, கண்கலங்கிப் போனால், வாழும் மனிதர்கள் காட்சிப்பொருளாகிவிட மாட்டார்களா? ஆகிவிடுவார்கள். இளைஞர் குழுவை அழைத்துப்போகும் பெரியவர்கள் இதை முதலிலேயே பிள்ளைகளிடம் பேச வேண்டும். கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. தெருவில் கண்ட சிறுவர் கையில் பொருளைத் திணிக்கக் கூடாது. கொடுப்பதைச் சபையிடம் கொடுத்தால் யாருக்கு எது தேவை என்று அவர்களே முடிவு செய்வார்கள். எதைக் கொண்டுவருவது என்பதையும் அவர்களிடமே கேட்க வேண்டும். வருகைக்கு முன்னே கொஞ்சமாவது ஸ்பானிஷ் படிப்பது மரியாதை. எல்லாவற்றையும்விட முக்கியம், மறுபடி போவது. ஒரே சபைக்கு ஆண்டுதோறும் போகிறவர்களுக்குத்தான் போன முறை ஹீப்ரு எழுத்துக் கற்றுக்கொண்டிருந்த சிறுமி இப்போது யூத வேதமான தோராவைப் படிக்கிறாள் என்று தெரியவரும்.

பயிற்றுவித்து அனுப்பும் சபை

கியூப யூதர்களின் பெரிய சோதனை வறுமைகூட அல்ல, வெளியேற்றம். கியூபா 1973இல் இஸ்ரேலுடனான உறவை முறித்துக்கொண்டது. ஆனாலும் யூதர்கள் இஸ்ரேல் செல்ல வழி இருந்தது. 1990களின் பிற்பகுதியில் சுமார் 400 பேர் சத்தமில்லாமல் போனார்கள். அண்மை ஆண்டுகளில் கியூப மக்களே பத்து லட்சத்துக்கும் மேல் நாட்டை விட்டுப் போயிருக்கிறார்கள். சபையிலும் அதே கதைதான். ஒருவனுக்குத் தோரா படிக்கக் கற்றுக்கொடுத்து, வழிபாடு நடத்தப் பழக்கி, சிறுவர் வகுப்பை ஒப்படைக்கும் வேளையில் அவனுக்கு விசா வந்துவிடும். வாழ்த்தி அனுப்பிவிட்டு, அடுத்த சிறுமியை உட்காரவைத்து முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

இப்படிச் சலிக்காமல் தொடங்குவதைத்தான் அமெரிக்க இளைஞர்கள் அங்கே பார்க்கிறார்கள். கட்டடமும் நிதியும் சம்பள ஊழியர்களும் இருந்தும் தங்கள் ஊரில் காலியாகும் இருக்கைகளைப் பற்றி அவர்களுக்குத் தெரியும். அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்ற நினைப்புக்கு ஹவானாவில் இடமில்லை. பத்துப் பேர் வேண்டிய இடத்தில் ஒன்பது பேர் இருந்தால், பத்தாவது ஆள் நீதான்.

எனவே, இந்தப் பயணத்தை வெற்றி என்று சொல்வதற்கு எத்தனை பெட்டி மருந்து போனது என்பது மட்டும் அளவுகோல் ஆகாது. திரும்பி வந்த பிள்ளை, அடுத்த வெள்ளிக்கிழமை தன் சொந்த ஜெப ஆலயத்துக்குப் போகிறானா, அங்கே ஒரு வேலையைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்கிறானா, ஹவானாவில் கிடைத்த நண்பன் மயாமிக்கோ இஸ்ரேலுக்கோ பெயர்ந்தாலும் தொடர்பை விடாமல் இருக்கிறானா என்று பார்க்க வேண்டும். கனடா யூதர்கள் ஆண்டு தவறாமல் மட்சா அனுப்பியபோது அதன் பலனை உடனே எதிர்பார்க்கவில்லை. முப்பது ஆண்டு கழித்து ஒரு சமூகம் எழுந்து நின்றது. கூட்டாளிச் சபை என்று சொல்லிக்கொள்ளும் எவருக்கும் அந்தப் பொறுமை வேண்டும். அடுத்த பயணத்தின் தேதியை இந்தப் பயணம் முடியும் முன்பே கூட்டாளிச் சபையோடு பேசி முடிவு செய்துவிட்டு விமானம் ஏறுங்கள் என்பதுதான் புறப்படும் குழுக்களுக்குச் சொல்லவேண்டியது.