மலைப் பிள்ளைகளுக்குக் கடலைச் சொல்லிக்கொடுப்போம்

மே மாதம் கோடை விழா பார்க்க ஊர் உலகமே ஏற்காட்டுக்கு ஏறி வரும். அதே விடுமுறையில் சேர்வராயன் மலையிலும் சேலத்திலும் இருக்கிற பிள்ளைகள் வேன் பிடித்துக் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் கிளம்புகிறார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. பலகைமீது நின்று அலையில் பாய்ந்து வர ஆசைப்படாத இளசு யார் இருக்கிறார்கள்?

மலைத் தண்ணீரைப் பற்றி இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்தால் கிளியூர் அருவியில் கொட்டும். கீழே வெயில் அடித்தாலும், மேலே மழை பிடித்தால் வெள்ளம் வந்துவிடும். தண்ணீர் கலங்கிச் சருகு அடித்து வந்தால் பாறையை விட்டு ஏறிவிட வேண்டும் என்பது உள்ளூர்ப் பாடம். ஆனால், கடல் காட்டும் அறிகுறி இதற்கு நேர்மாறானது.

அலை உடைந்து நுரைக்கிற இடத்தைப் பார்த்துப் பயந்து, அமைதியாக, கொஞ்சம் கருத்துத் தெரிகிற இடத்தில் இறங்குகிறோம். பல நேரம் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அலைகள் கரைக்குக் கொண்டுவந்த தண்ணீர் குறுகலான தடம் பிடித்துக் கடலுக்குத் திரும்புகிற இழுவை அது. வேகம் கூடினால் ஒலிம்பிக் வீரரும் எதிர்த்து நீந்த முடியாது.

அந்த இழுவை ஆளைக் கீழே அமுக்குவதில்லை, கடலுக்குள் கொண்டுபோகிறது. கரையை நோக்கி மல்லுக்கட்டிக் களைத்துப்போவதுதான் உயிரைப் பறிக்கிறது. சிக்கிக்கொண்டால் பதறாமல் மிதக்க வேண்டும். கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடைகிற பக்கம் வந்து கரை சேர வேண்டும். சறுக்குப் பலகை இருந்தால் அதை விடவே கூடாது, அதுதான் மிதவை. கணுக்காலில் கட்டுகிற கயிற்றை அவிழ்த்துப்போட்டு விளையாடக் கூடாது. காப்பாற்றப் போகிறவரும் வெறுங்கையோடு பாயாமல், மிதக்கிற எதையாவது வீச வேண்டும்.

காற்றே இல்லாத நாளிலும் கடல் பொங்கும். தொலைவில் தென்கடலில் எழும் அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து திடீரெனக் கரையேறுவதைக் 'கள்ளக்கடல்' என்கிறார்கள். 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. கள்ளக்கடல் எச்சரிக்கை அப்போது நடப்பில் இருந்தது. படிப்புக்குக் குறைவில்லாத பிள்ளைகள் அவர்கள். கடலைப் பற்றிய படிப்பை நாம் எங்கே கொடுத்தோம்?

என் பெரிய கவலை இதுதான். ஒரு காலத்தில் சேலத்துப் பக்கம் காட்டுக் கிணறுதான் நீச்சல் பள்ளி. முதுகில் சுரைப்புருடையைக் கட்டி, மாமனோ அண்ணனோ தள்ளிவிடுவார். மேலே நின்று கவனிக்க நாலு பேர் இருப்பார்கள். ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. அந்தக் காட்டுக் கிணறுகள் பல வற்றின, தூர்ந்தன. கிணற்றோடு நீச்சலும் போனது. தண்ணீரை மதிக்கிற பழக்கமும் போனது. நீந்தத் தெரியாத தலைமுறை ஒன்று இன்று நேராகக் கடலில் போய் இறங்குகிறது.

தடை போட்டு, எச்சரிக்கைப் பலகை நட்டு, காவலரை நிறுத்தினால் போதும் என்பார்கள் சிலர். அதுவும் வேண்டும்தான். ஆனால், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரை முழுக்கக் காவலுக்கு ஆள் நிறுத்த முடியாது.

ஆகவே, கடலுக்குச் சுற்றுலா அழைத்துப் போகும் ஒவ்வொரு பள்ளியும், கிளம்புவதற்கு முன் ஒரு வகுப்பைக் கடலுக்கு ஒதுக்கட்டும். பெற்றோரே, வேன் ஏறும் முன் கடல் எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இறங்கும் முன் அங்குள்ள மீனவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், அன்றைக்குக் கரையில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.