துவைத்து, உலர்த்தும் இயந்திரம்: தில்லியின் சிறிய வீடுகளுக்கு ஏற்றதா?

புது தில்லி: நாடாளுமன்றம் ஆண்டுதோறும் வழக்கமாகக் கூடும் மூன்று கூட்டத்தொடர்களில் இரண்டு, தலைநகரில் துணி எளிதில் காயாத மாதங்களில் நடைபெறுகின்றன. மழைக்காலக் கூட்டத்தொடர் 2025-ல் ஜூலை 21 முதல் ஆகஸ்ட் 21 வரை நடந்தது. குளிர்காலக் கூட்டத்தொடர் 2024-ல் நவம்பர் 25-ல் தொடங்கி டிசம்பர் 20-ல் நிறைவடைந்தது. முன்னதில் காற்றின் ஈரமும், பின்னதில் பனிமூட்டமும் வெயிலின்மையும் துணியை உலர விடுவதில்லை. மே மாத வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் அதே வேட்டி, ஜனவரியில் இரண்டு நாள் கொடியில் தொங்கினாலும் சில்லென்றே இருக்கும்.

இதனுடன் காற்று மாசும் சேர்ந்து கொண்டது. 2024 நவம்பர் 18-ல் தலைநகர் வட்டாரத்தில் நான்காம் கட்ட மாசுக் கட்டுப்பாடுகள் அமலுக்கு வந்தன. அத்தகைய நாள்களில் பால்கனியில் உலர்த்திய துணியில் தூசும் புகை நாற்றமும் ஏறிவிடுகின்றன. வீட்டுக்குள் உலர்த்தினாலோ, வெயில் படாத தரைத்தளங்களில் சுவரில் பூஞ்சை பிடிக்கிறது. தில்லி வளர்ச்சி ஆணையத்தின் பழைய ஒற்றை, இரட்டைப் படுக்கையறைக் குடியிருப்புகளில் வசிப்போர், ஒரே பெட்டியில் துவைத்து உலர்த்தும் இயந்திரத்தின் பக்கம் திரும்புவதற்கு இதுவே காரணம்.

வாங்கும் முன் போட வேண்டிய கணக்குகள் சில உண்டு. அவற்றில் இரண்டு, தில்லி அரசியலோடு நேரடியாகத் தொடர்புடையவை.

"டிரையர்' என்றால் என்ன?

கடைகளில் "டிரையர்' என்ற ஒரே சொல் மூன்று பொருளில் புழங்குகிறது. இரட்டைத் தொட்டி இயந்திரத்தில் அது வேகமாகச் சுழற்றிப் பிழியும் தொட்டியை மட்டுமே குறிக்கும். அதிலிருந்து எடுக்கும் துணியைக் கொடியில் போட்டே ஆக வேண்டும். இரண்டாவது, துவைத்த துணியைத் தனியே எடுத்துப் போட்டு வெப்பக் காற்றால் உலர்த்தும் இயந்திரம். இதில் ஒரு வகைக்கு ஈரக் காற்றை வெளியேற்றச் சுவரிலோ ஜன்னலிலோ துளை வேண்டும். வாடகை வீட்டில் அதற்கு உரிமையாளரின் அனுமதி எளிதல்ல. மூன்றாவதுதான் ஒரே உருளையில் துவைத்து, பிழிந்து, உலர்த்தும் இயந்திரம். இதற்குக் குழாய், கழிவு நீர்ப் பாதை, மின் இணைப்பு ஆகிய மூன்றும் போதும். ஆகவே, விலை பேசும் முன் "வெப்பத்தால் உலர்த்துமா, பிழிய மட்டும் செய்யுமா?' என்று கேட்டுத் தெளிவது நல்லது.

எட்டில் ஐந்துதான் உலரும்

இவ்வியந்திரங்களில் துவைக்கும் கொள்ளளவு வேறு. உலர்த்தும் கொள்ளளவு வேறு. எட்டுக் கிலோ துவைக்கும் இயந்திரம் பெரும்பாலும் ஐந்து கிலோவைத்தான் உலர்த்தும். விளம்பரத்தில் பெரிதாக நிற்பது எட்டு. வெப்பக் காற்று புக உருளைக்குள் இடைவெளி தேவை என்பதே இதன் காரணம். முழு அளவு திணித்தால் துணி பாதி ஈரமாகவும் முழுதும் கசங்கியும் வெளிவரும்; தெருமுனை இஸ்திரிக்காரருக்கு வேலை கூடும். நால்வர் உள்ள குடும்பம் உலர்த்தும் அளவைப் பார்த்துத்தான் இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். துவைத்து உலர்த்தி முடிக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை ஆகலாம். அதுவரை அடுத்த சுமையைப் போட இயலாது.

மின்சாரக் கணக்கு

ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க சுமார் 0.7 யூனிட் மின்சாரத்துக்கு நிகரான வெப்பம் தேவை. இது இயற்பியல் விதி. எந்த நிறுவனமும் மாற்ற முடியாது. ஐந்து கிலோ பருத்தித் துணி பிழிந்த பிறகும் இரண்டரை லிட்டர் நீரைத் தாங்கி நிற்குமானால், அதை உலர்த்தவே குறைந்தது ஒன்றேமுக்கால் யூனிட் வேண்டும். வெப்ப இழப்பையும் துவைக்கும் செலவையும் சேர்த்தால் சாதாரண ஹீட்டர் வகையில் ஒரு முறைக்கு சுமார் நான்கு யூனிட் என்று வைத்துக் கொள்ளலாம். மாதம் 20 முறை என்றால் 80 யூனிட்.

தில்லியில் இந்த 80 யூனிட்டின் மதிப்பு வீட்டுக்கு வீடு மாறும். 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட சலுகைப்படி மாதம் 200 யூனிட் வரை கட்டணம் இல்லை. 201 முதல் 400 யூனிட் வரை பாதிக் கட்டணம், அதிகபட்சம் 800 ரூபாய் வரை தள்ளுபடி. 400-ஐத் தாண்டினால் சலுகை முழுவதும் போய்விடும். 2025 பிப்ரவரி சட்டப்பேரவைத் தேர்தலின்போது, நடைமுறையில் உள்ள மக்கள் நலத் திட்டங்கள் நிறுத்தப்பட மாட்டா என்று பாரதிய ஜனதாவும் வாக்குறுதி தர வேண்டியிருந்த அளவுக்கு இச்சலுகை இங்கு வேரூன்றிவிட்டது.

குளிர்காலத்தில் 150 யூனிட்டுக்குள் அடங்கி, கட்டணமே செலுத்தாத வீடு 230-க்குப் போனால் ரசீது வரத் தொடங்கும். 350 யூனிட்டில் இருக்கும் வீடு 430-ஐத் தொட்டால், கூடுதல் 80 யூனிட்டின் விலையோடு இழந்த தள்ளுபடியும் சேரும். ஏ.சி. ஓடும் மாதங்களில் ஏற்கெனவே 400-ஐத் தாண்டிவிட்ட வீட்டுக்கு இந்த இரண்டாவது இழப்பு இல்லை.

"ஹீட் பம்ப்' எனும் வெப்ப ஏற்றி வகை, ஒருமுறை உண்டாக்கிய வெப்பத்தையே திரும்பப் பயன்படுத்துவதால் ஏறத்தாழப் பாதி மின்சாரமே எடுக்கும். விலை கூடுதல். நாள்தோறும் உலர்த்துவோருக்கு அது கட்டுபடியாகும். ஆண்டில் மூன்று, நான்கு மாதங்கள் மட்டும் பயன்படுத்துவோருக்குக் கடினம்.

உலர்த்தவும் தண்ணீர்

துவைக்கத் தண்ணீர் வேண்டும் என்பது தெரிந்ததே. உலர்த்தவும் வேண்டும் என்பது பலருக்குப் புதிய செய்தி. துணியிலிருந்து எழும் ஆவியைக் குளிரச் செய்து நீராக்க, பல மாதிரிகள் குழாய் நீரையே ஓட விடுகின்றன. இதற்கென ஒவ்வொரு முறையும் பல பத்து லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. துவைக்கவும் உலர்த்தவும் சேர்த்து 100 லிட்டர் என்று கொண்டால் மாதம் 20 முறைக்கு 2,000 லிட்டர். 2015 மார்ச்சில் தொடங்கிய திட்டப்படி தில்லியில் வீடுகளுக்கு இலவசமாக வழங்கப்பட்ட 20,000 லிட்டரில் இது பத்தில் ஒரு பங்கு. அந்த வரம்பைத் தாண்டினால் முழு அளவுக்கும் கட்டணம் என்பதே அத்திட்டத்தின் விதி. கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் பகுதிகளில், காற்றால் குளிரூட்டும் மாதிரியே பொருத்தமானது. ஆழ்துளைக் கிணற்று உப்பு நீர் வரும் வீடுகளில் ஹீட்டரில் படிவு ஏறும் செலவையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இடமும் இணைப்பும்

இயந்திரத்தின் அகலமும் ஆழமும் பொதுவாக 60 சென்டிமீட்டரை ஒட்டியவை. பின்புறக் குழாய்களுக்கும் முன்புறக் கதவு திறக்கவும் கூடுதல் இடம் தேவை. எடை 60 கிலோவுக்கு மேல் இருப்பது சாதாரணம். மின்தூக்கி இல்லாத மூன்றாவது மாடிக்கு ஏற்றும் கூலியை முன்கூட்டியே பேச வேண்டும். தனி 16 ஆம்பியர் இணைப்பு அவசியம். உலர்த்தும் நேரத்தில் கீஸரும் சேர்ந்து ஓடினால் பழைய வயரிங் தாங்காது. மீட்டரில் பதிவாகும் உச்சத் தேவை தொடர்ந்து கூடினால், அனுமதிக்கப்பட்ட மின்பளுவும் அதையொட்டிய நிலைக் கட்டணமும் உயரும்.

வரியைப் பொருத்தவரை, 2018 ஜூலையில் ஜி.எஸ்.டி. கவுன்சில் சலவை இயந்திரங்களுக்கான வரியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைத்தது. துவைத்து உலர்த்துபவையும் அதே இனத்தில் அடங்கும். 2025 செப்டம்பர் 22-ல் ஏ.சி.க்கும் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கும் வரி குறைந்தபோது, இவற்றின் விலை குறையாததற்கு இதுவே காரணம்.

இரண்டு வேலைகளைச் செய்யும் ஓர் இயந்திரம் பழுதானால் இரண்டு வேலைகளும் நிற்கும். அருகில் பழுதுநீக்கும் மையம் உள்ளதா, உதிரிபாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதை எழுத்தில் பெறுவது நல்லது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை.

யாருடைய நேரம்?

இத்தனை கணக்குக்குப் பிறகும் ஒரு வரவு மிஞ்சுகிறது. மத்திய அரசின் 2024-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களை அவற்றில் செலவிடுகின்றனர். ஆண்கள் 88 நிமிடங்கள். துணியைக் கொடியில் போடுவதும், மேகம் திரண்டதும் ஓடிச் சென்று எடுப்பதும், மறுபடி போடுவதும் அந்த 289-க்குள் அடங்குபவை. அலுவலகம் செல்லும் பெண்ணுக்கு நண்பகல் வெயிலில் துணி மாற்ற ஆளில்லை. வீட்டின் மின் ரசீதைப் பார்க்கும் ஆண்கள் இந்த வரவை எழுத மறந்துவிடுகின்றனர்.

ஆகவே, பால்கனியில் வெயில் விழும் வீட்டுக்கு நல்ல சலவை இயந்திரமும் கொடியும் போதும். வெயிலே எட்டாத வீடு, கைக்குழந்தையோ நோயாளியோ உள்ள வீடு, இருவரும் வேலைக்குச் செல்லும் வீடு ஆகியவற்றுக்கு உலர்த்தும் வசதி ஆடம்பரமல்ல. அத்தகையோரும் ஏப்ரல் முதல் ஜூன் வரை உலர்த்தும் பொத்தானைத் தொடாமல் இருந்தால், இயந்திரமும் சலுகையும் ஒருசேர நிலைக்கும். அந்த மூன்று மாதங்களில் துணியை உலர்த்தத் தில்லி வெயிலே போதும். அதற்கு எந்த அரசும் இதுவரை கட்டணம் விதிக்கவில்லை.