காசு கேட்காத கணினிக் கருவிகள்



பிள்ளையின் படிப்புக்கென்று கடன்பட்டாவது ஒரு பழைய கணினி வாங்கி வைத்திருக்கும் வீடுகள் இன்று தோட்டத்திலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு. பாடவேலை முடிந்ததும் அது படம் பார்க்கும் பெட்டியாகிவிடுகிறது. "வேறு காரியத்துக்கு மென்பொருள் வாங்க வெள்ளிக்கு எங்கே போவது?" என்கிறீர்களா? ஒரு காசும் கேட்காத நல்ல மென்பொருள்கள் பல இருக்கின்றன. நம் குடும்பச் செல்வங்கள் சிலவற்றை அவற்றைக் கொண்டே காப்பாற்றலாம்.

இலவசம் என்றதும் ஐயம் எழுவது இயல்புதான். 1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 'கட்டற்ற மென்பொருள்' இயக்கத்தைத் தொடங்கினார். கோயில் திருவிழாச் சமையலைப் போன்றது இது. ஆளுக்கொரு வேலை செய்கிறார்கள். பந்தியில் எல்லாரும் உட்காரலாம்.

தமிழில் எழுத

முதலில் தமிழ். நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 1985-ஆம் ஆண்டிலேயே கணினியில் தமிழ் எழுத 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். அவருடைய 'அஞ்சல்' விசைமுகமும், 1999-இல் சென்னை மாநாட்டின் வழி வந்த 'தமிழ் 99' விசைமுகமும் இன்றைய விண்டோஸ் கணினிகளுக்குள்ளேயே இருக்கின்றன. அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, விசைமுகத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். அஞ்சல் முறையில் ஏ, எம், எம், ஏ, ஏ என்று ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் 'அம்மா' வரும்.

கடிதத்துக்கும் கணக்குக்கும் 'லிப்ரே ஆபிஸ்' உண்டு. 2010-ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வோர்ட் கோப்புகளையும் திறக்கும். ஆலயக் கணக்கையும் இதில் எழுதி வைக்கலாம்.

பாட்டியின் குரல்

மலாக்கா மாநிலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் இன்று செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்துவிட்டன. லயத்து வாழ்க்கையை விட்டு அலோர்காஜா, ஜாசின், மெர்லிமாவ் பக்கம் குடியேறிய குடும்பங்கள் எத்தனை! பாட்டி பாடிய தாலாட்டு, திருவிழாவில் பாடிய பாட்டு, கல்யாண வீட்டுப் பேச்சு எல்லாம் ஏதோ ஒரு பெட்டியில் கேசட்டாகக் கிடக்கின்றன அல்லவா? நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அந்த நாடா பூஞ்சணம் பிடித்து அழிகிறது.

'ஒடாசிட்டி' என்ற மென்பொருள் 2000-ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கிறது. கேசட் பெட்டியின் ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் ஒலித் துளைக்கு ஒரு வயரை இணையுங்கள். சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுக் கேசட்டை ஓட விடுங்கள். பாட்டு முடிந்ததும் எம்.பி.3 கோப்பாகச் சேமியுங்கள். நாடாவின் இரைச்சலைக் குறைக்கவும் அதில் வழி உண்டு. மடிக்கணினியில் அந்தத் துளை இல்லாவிட்டால், ஒலி வாங்கும் சிறிய யூ.எஸ்.பி. கருவி தேவைப்படும்.

அழிந்த படம்

பிள்ளையின் காதுகுத்துப் படங்கள் கேமரா அட்டையிலிருந்து தவறுதலாக அழிந்துவிட்டனவா? பதற வேண்டாம். அழிக்கும்போது பெரும்பாலும் படம் போவதில்லை. புத்தகத்தில் பொருளடக்கத்தை மட்டும் கிழித்தாற்போல அதன் முகவரிதான் போகிறது. மேலே புதுப் படம் பதிந்தால்தான் பழையது போய்விடும். ஆகவே அந்த அட்டையில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்காதீர்கள். 'போட்டோரெக்' என்ற இலவச மென்பொருள் பல சமயங்களில் மீட்டுத் தரும். மீட்ட படங்களை அதே அட்டையில் வைக்காமல் கணினியில் சேமியுங்கள். பழைய கோப்புப் பெயர்கள் மட்டும் திரும்ப வாரா.

ஓர் எச்சரிக்கை

இத்தகைய மென்பொருளை அதை உருவாக்கியவர்களின் சொந்த இணையத் தளத்திலிருந்தே எடுங்கள். ஒரே பெயரில் போலிகளும் உலவுகின்றன. வங்கி எண்ணோ கடவுச்சொல்லோ கேட்டால் உடனே மூடிவிடுங்கள். மலிவாகக் கிடைக்கும் திருட்டு மென்பொருளும் வேண்டாம். அதில் கிருமி ஒளிந்து வரக்கூடும்.

தாய்மார்களே, தந்தைமார்களே! கணினி தெரியாதே என்று ஒதுங்காதீர்கள். பிள்ளை பொத்தானை அழுத்தட்டும். பாடுவது யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று நீங்கள் சொல்லுங்கள். அதைப் பிள்ளை தமிழில் எழுதிச் சேர்க்கட்டும். அந்த விவரம் எந்தக் கணினிக்கும் தெரியாது. இந்த ஞாயிற்றுக்கிழமையே அலமாரியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துத் தூசி தட்டுங்கள்.