கலமும் அளவும்

தமிழிலே கலம் என்னுஞ் சொல்லுக்குப் பொருள் பல. உண்ணும் பாத்திரம் கலம். நெல் அளக்கும் அளவு கலம். கடலிற் செல்லும் மரக்கலமும் கலமே. தொல்காப்பிய உரைகாரர் அளவுப்பெயர்களுக்கு எடுத்துக்காட்டுக் கூறுமிடத்துக் கலத்தையே முதற்கண் வைத்தனர். மேனாட்டாரும் இவ்வாறே எண்ணினர் போலும். கப்பலின் அளவைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கும் தொன் என்னுஞ் சொல், மது நிரப்பும் பெரிய பீப்பாயின் பெயரிலிருந்து பிறந்தது. ஒரு கப்பல் எத்தனை பீப்பாய் கொள்ளும் என்பதையே அக்காலத்து வணிகரும் துறைமுக வரி தண்டுவோரும் அறிய விரும்பினர். ஆகவே, பயணக் கப்பலொன்று இத்தனை தொன் என்று பத்திரிகையிற் படிக்கும்போது, அதனைக் கப்பலின் நிறையென மயங்குதல் கூடாது. அது கப்பலினுள்ளே மூடப்பட்ட இடங்களின் கொள்ளளவைக் கணித்துப் பெற்ற எண். பழைய கணக்கில் நூறு கனவடி ஒரு தொன். 1982இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கையின் கணிப்பு முறை வேறு. எனவே பழைய கப்பலையும் புதிய கப்பலையும் எண்கொண்டு ஒப்பிடுவது ஓரளவுக்கே பொருந்தும்.

வரி தண்டுதற்கு எழுந்த இவ்வளவு, கப்பற் கம்பனிகளின் பெருமைக்கு அளவாகிய கதை சுவையுடையது. அக்கதையின் நடுநாயகமாக நிற்பவர் அல்பேர்ட் பலின் என்னும் ஜேர்மனியர். ஹம்பேர்க்-அமெரிக்கா கப்பற் கம்பனியை நடத்திய இவர், குளிர்காலத்திலே அத்திலாந்திக்கைக் கடப்போர் தொகை குறைந்து கப்பல்கள் வாளாவிருத்தலைக் கண்டார். 1891 ஜனவரியில் ‘அகுஸ்தா விக்டோரியா’ என்னுங் கப்பலை மத்தியதரைக் கடலுக்கு உலாவாக அனுப்பினார். புறப்பட்ட துறைக்கே மீளும் இன்பப் பயணம் அது. அம்முயற்சி பயன்தரவே, உலாவுக்கென்றே ஒரு கப்பல் கட்டுவித்தார். 1900இல் வெளிவந்த ‘பிரின்செசின் விக்டோரியா லூயிசே’ 4,409 தொன் அளவினது. செல்வர் சிலர்க்கேயுரிய சிறு கலம். 1906 டிசம்பரில் யமேக்காத் தீவின் கரையிலே தரைதட்டி அழிந்தது.

மற்றோர் எண்ணமும் அவருக்கு இருந்தது. பிரித்தானியாவின் கியூனாட் கம்பனி, அரசிடம் 26 இலட்சம் பவுண் கடன்பெற்று 1907இல் ‘லூசித்தானியா’, ‘மொறித்தானியா’ என்னும் விரைவுக் கப்பல்களை ஓட்டியது. அதன் போட்டிக் கம்பனியாகிய வைற் ஸ்டார், விரைவை விட்டுப் பருமையைப் பற்றி, 1911இல் ‘ஒலிம்பிக்’ கப்பலையும் அடுத்த ஆண்டு 46,328 தொன் கொண்ட ‘டைட்டானிக்’ கப்பலையும் இறக்கியது. பலினும் பருமையையே தேர்ந்தார். டைட்டானிக் மூழ்கி நாற்பது நாள் நிரம்புமுன், 1912 மே 23ஆம் நாள், அவருடைய ‘இம்பெராத்தர்’ நீரில் இறங்கியது. அளவு 52,117 தொன். கியூனாட் கட்டிக்கொண்டிருந்த ‘அக்குவித்தானியா’ நீளத்தில் தம்மை விஞ்சிவிடுமென்று அஞ்சிய ஜேர்மனியர், கப்பலின் முகப்பிலே பெரியதொரு வெண்கலக் கழுகை அமைத்து, அக்கழுகின் நீளத்தையும் கப்பலின் நீளத்தோடு சேர்த்தெண்ணினர் என்பர். பள்ளிக்கூடத்தில் உயரம் அளக்கும்போது குதிகாலைத் தூக்கி நிற்கும் மாணவனை ஆசிரியராயினார் யாவரும் அறிவர்.

கடல் இவ்வலங்காரத்தைப் பொறுத்துக்கொள்ளவில்லை. மேற்பாரம் மிகுந்த அக்கப்பல் சிறு அலைக்கும் சாய்ந்து சாய்ந்து ஆடிற்று. முதற் பருவம் முடிந்ததும் கட்டியவர்களே அதனைத் திருப்பிக் கொணர்ந்து, புகைபோக்கிகளை ஏறத்தாழ மூன்று மீற்றர் குறைத்தனர், சலவைக்கல்லைக் களைந்தனர், அடிவயிற்றிற் சீமெந்து கொட்டினர். 1914இல் ஒரு புயல் கழுகின் சிறகுகளை முறித்தது. அவ்வாண்டே போரும் மூண்டது. 1918 நவம்பர் 9ஆம் நாள் ஜேர்மன் பேரரசரின் ஆட்சி முடிந்தது. பலினும் அன்றே உயிர்நீத்தார். இம்பெராத்தர் கியூனாட்டின் கைக்குப் போய் ‘பெரங்கேரியா’ என்னும் பெயர் பூண்டது.

ஒன்று நோக்குதற்குரியது. பலினுடைய உலாக் கலம் சிறியது. பெருங்கலமோ கடல்கடப்போர்க்கு உரியது. இம்பெராத்தர் ஏற்கவல்ல நாலாயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளிற் பாதிக்கு மேலானோரின் இடம் மூன்றாம் வகுப்பும் அதனினுங் கீழான தளமுமாம். பிழைப்புத் தேடி அமெரிக்கா போனவர் அவர்கள். பெருமையாசை கலந்திருந்ததாயினும், அப்பருமைக்கு ஒரு தேவையும் இருந்தது. 1921, 1924 ஆம் ஆண்டுகளில் அமெரிக்கா குடிவரவைச் சட்டத்தாற் சுருக்கியபோது அத்தேவை தளர்ந்தது, போட்டி தளரவில்லை. 1935இல் பிரான்சியர் 79,280 தொன்னில் ‘நோர்மண்டி’யை ஓட்டினர். கியூனாட்டின் ‘குயீன் மேரி’ 80,774 தொன்னோடு வருவதறிந்து, மேற்றளத்தின் பின்புறத்திலே ஓர் இருப்பறையை மூடிக் கட்டினர். மூடிய இடமன்றோ தொன்! நோர்மண்டி 83,423 ஆயிற்று. 1940இல் ‘குயீன் எலிசபெத்’ 83,673 என வந்து அதனையும் விஞ்சியது.

1958 ஒக்டோபரில் ஜெட் விமானங்கள் அத்திலாந்திக்கைக் கடக்கத் தொடங்கின. பெருங்கப்பலின் காலம் முடிந்ததென்றே அறிந்தோர் பலர் எண்ணியிருப்பர். குயீன் எலிசபெத்தின் அளவை ஐம்பத்தாறு ஆண்டுகள் எந்தப் பயணக் கப்பலும் தாண்டவில்லை. 1996இல் தாண்டிய ‘கார்னிவல் டெஸ்டினி’ (101,353 தொன்), எவரையும் ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்குக் கொண்டுசெல்ல எழுந்த கப்பலன்று. அஃது உலாக் கப்பல். பலின் வேறுவேறாக வைத்த இரண்டு எண்ணங்கள் இங்கே ஒன்றாயின. அதன் பின்னர் றோயல் கரிபியன் கம்பனி 1999இல் 137,276 என்றது. 2009இல் ‘ஒயாசிஸ் ஒவ் த சீஸ்’ 225,282 என்றது. 2024 ஜனவரியில் ‘ஐக்கன் ஒவ் த சீஸ்’ 248,663 என்றது. ஜெனீவாவிலிருந்து நடைபெறும் எம்.எஸ்.சி. கம்பனியும் 2022இல் 215,863 தொன் கொண்டதொரு கப்பலோடு களத்திற் புகுந்தது.

இதன் கணக்கு எளிது. பயணிகள் இருமடங்காயினும் மாலுமித் தலைவன் ஒருவனே, எரிபொருளும் இருமடங்காவதில்லை. மேலும், பயணச்சீட்டோடு வருவாய் முடிவதன்று; மதுவும் சூதும் கடைகளும் கப்பலினுள்ளேயே உள. பயணி கரையில் இறங்காதிருக்குந்தோறும் கப்பலுக்கே ஆதாயம். ஒயாசிஸ் கப்பலின் நடுவிலே வானம் பார்த்த பூங்கா ஒன்று உண்டு. அதில் உயிர்ச்செடிகள் ஆயிரக்கணக்கில் வளர்கின்றன. அப்பூங்காவை நோக்கி உப்பரிகை அமைந்த அறைகளும் உள. உப்பரிகையில் நின்றால் தெரிவது எதிர் அறையின் உப்பரிகை. கப்பலில் ஏறிக் கடல் தெரியாத பலகணிக்கு விலை கொடுப்பதை யான் முதலிற் படித்தபோது நம்பவில்லை.

பின்லாந்திற் கட்டிய அந்த ஒயாசிஸ் போல்ற்றிக் கடலை விட்டு வெளியேற, டென்மார்க்கின் பெருநீரிணைப் பாலத்தின் கீழே செல்ல வேண்டும். பாலத்தின் உயரம் நீர்மட்டத்துக்கு மேல் 65 மீற்றர்; கப்பலோ 72 மீற்றர். ஆகவே உள்ளிழுக்கத்தக்க புகைபோக்கிகளை வைத்தே அதனைக் கட்டினர். 2009 ஒக்டோபர் இறுதியில் ஓரிரவு, புகைபோக்கிகளைத் தாழ்த்தி, கப்பல் நீரிற் சற்று அமிழும்படி விரைவாகச் செலுத்தி, ஏறத்தாழ இரண்டடி இடைவெளியிற் கடந்தனர். இம்பெராத்தரின் புகைபோக்கியைப் பின்னர் வெட்டினர். இவர்கள் முன்னரே மடக்கினர். அந்த அளவுக்கு அறிவு வளர்ந்தது.

பாலத்துக்குப் பணியலாம், ஊர்க்கு யார் பணிவது? யமேக்காவின் பால்மத் நகரிலே இவ்வகைக் கப்பல்களுக்கென்றே 2011இற் புதுத்துறை அமைந்தது. வெனிஸ் நகரம் வேறுவழி சென்றது. அங்கே மாடவீடுகளினும் உயர்ந்த கப்பல்கள் ஜுதேக்கா வாய்க்காலினூடே, புனித மார்க் சதுக்கத்தின் முன்னால் ஊர்ந்து செல்லும். 2019 ஜூன் 2ஆம் நாள் அத்தகைய கப்பலொன்று கட்டுமீறி, கரையையும் ஓர் ஆற்றுப் பயணப் படகையும் மோதிற்று, சிலர் காயமுற்றனர். நகரத்தார் நெடுநாட் கிளர்ச்சிக்குப்பின், 2021 ஒகஸ்ட் முதலாம் நாளிலிருந்து 25,000 தொன்னுக்கு மேற்பட்டனவும் 180 மீற்றருக்கு மேல் நீண்டனவும் அவ்வாய்க்காலிற் புகலாகாது என இத்தாலிய அரசு தடுத்தது. துறைமுகத் தொழிலாளர் இதனால் நட்டமுற்றனர். அவர்க்கு இழப்பீடு வழங்கவும் அவ்வாணையில் இடமிருந்தது. அவர் துயரத்தைச் சிறிதென்று கூறேன். ஆயினும் வெனிசார் செய்தது முறையென்றே கருதுகின்றேன். வரி தண்ட எழுந்த அளவு, பெருமை பேச உதவிய அளவு, இங்கே ஓர் ஊரின் வாயிற்கதவாயிற்று.

றோயல் கரிபியன் 1988இல் ஓட்டிய ‘சொவறின் ஒவ் த சீஸ்’ 73,192 தொன் கொண்டது. உலாவுக்கென்று அதுவரை எழுந்த கப்பல்களுட் பெரியது அதுவே. பின்னர் அது ஸ்பானியக் கம்பனியொன்றிடம் கைமாறிற்று. கொரோனாத் தொற்றினாற் பயணங்கள் நின்ற 2020இல் அக்கம்பனி நொடிந்தது. அவ்வாண்டு ஜூலையிலே, துருக்கியின் அலியாகா என்னும் இடத்திற் கப்பல் உடைப்போரின் கரையில் அதனை ஏற்றினர். அதற்கடுத்த ஆண்டு ஜூனில், பின்லாந்தின் துர்க்கு நகரிலே, ‘ஐக்கன் ஒவ் த சீஸ்’ கப்பலுக்கு முதல் உருக்குத் தகட்டை வெட்டினர்.